10 மணிக்கு மேல ஒரு பாட்டுகூட கெடையாது: ஒரு வியாசர்பாடி டிஜே செட்

14,000 ரூபாய்க்கு டிஜே பேசி, எங்கள் சொந்தக்காரர்கள் ஆடியது மொத்தம் ஒரு மணி நேரம் 10 நிமிடம். கேட்டால் ஏமாந்த கதை மாதிரி இருக்கும். அன்றைக்கு ராத்திரி நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று போனை எடுத்தேன், சார்ஜ் இல்லை. காலையில் எழுந்து யோசித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விசேஷம் அக்கா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தண்டையார்பேட்டையில் அவர்கள் தெருவிலேயே பந்தல். நான் தாய்மாமன், சீர் என் பொறுப்பு, டிஜேவும் என் தலையில்தான் விழுந்தது. வியாசர்பாடிப் பக்கம் குட்டி யானை வண்டியில் செட் ஏற்றிக்கொண்டு வரும் ஒருவரைப் பிடித்தேன். பெயர் போடவில்லை. "பேரெல்லாம் வேணாம் ணா, எதாவது ஒண்ணுன்னா எல்லாரும் எனக்குத்தான் போன் போடுவாங்க" என்று அவரே சொல்லிவிட்டார். பாட்டும் குரலும் வரும் டாப் பாக்ஸ் இரண்டு, அடிச்சத்தத்துக்கு 18 இஞ்ச்சில் பேஸ் பாக்ஸ் இரண்டு, ஆம்ப், பாட்டை மாற்றிக் கலக்கும் கன்ட்ரோலர், லேப்டாப், கொஞ்சம் லைட், ஒரு புகை மெஷின், கூட மூன்று பையன்கள். ஜெனரேட்டர் தனிக் கணக்கு.

போன் பண்ணிய மற்ற இரண்டு பேரும் என்ன பாட்டு வேண்டும், மேடைக்கு எல்இடி வேண்டுமா என்று கேட்டார்கள். இவர் முதலில் கேட்டது, "தெருவா, மண்டபமா?" தெரு என்றதும், "100 மீட்டருக்குள்ள ஆஸ்பத்திரி, ஸ்கூல் எதாவது இருக்கா ணா?" இல்லை என்றேன். "ஸ்டேஷன்ல பர்மிஷன் யாரு வாங்குறீங்க?" நான் முழித்தேன். "சீர் எத்தன மணிக்கு வருது?" ஏழு என்றேன். "அப்ப எட்டுன்னு வெச்சுக்கறேன். 10 மணிக்கு மேல ஒரு பாட்டுகூட கெடையாது, இப்பவே சொல்லிட்டேன், அன்னைக்கு வந்து அண்ணே அண்ணேன்னு கெஞ்சாதீங்க."

பேச்சு கொஞ்சம் திமிராகத்தான் பட்டது. ஆனால் பர்மிஷன் லெட்டர் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார், தேதி, இடம், நேரம், எத்தனை பாக்ஸ் என்று எல்லாம் அதில் இருந்தது. முத்திரை போட்டுத் திரும்பி வந்ததன் போட்டோவைப் பார்த்த பிறகுதான் 4,000 அட்வான்ஸ் வாங்கினார். குழாய் ஸ்பீக்கர் இரண்டு கட்டச் சொல்லி அக்கா வீட்டுக்காரர் கேட்டதற்கு, அது தடை பண்ணியது, பாக்ஸ் மட்டும்தான் என்று முடித்துவிட்டார்.

இந்த 10 மணி விஷயம் ஏதோ போலீஸ் இஷ்டத்துக்குச் சொல்வது என்றுதான் எங்கள் பக்கம் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது 2000ஆம் ஆண்டு மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஸ்பீக்கர் கூடாது. மூடிய மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்றால் விலக்கு உண்டு, ஆனால் ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும் நம்ம ஊர் மண்டபத்தில் அது எப்படி முடியும். திருவிழா மாதிரியான சமயங்களில் மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் வீட்டு மஞ்சள் நீராட்டு அந்தக் கணக்கில் வராது.

அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது, 10 மணிக்கு முன்னாலும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது என்பது. வீடுகள் இருக்கும் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தில் ஸ்பீக்கர் வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவுக்கு மேல் 10 டெசிபல் வரை போகலாம், அதாவது பகலில் 65. செட் போடும்போது டிஜே தம்பி போனில் ஒரு ஆப்பைத் திறந்து பாக்ஸுக்கு எதிரே நீட்டினார், டெஸ்டிங்குக்கே 94 காட்டியது. போன் ஆப்பை முழுசாக நம்ப முடியாது, சரி. ஆனாலும் கணக்கு இதுதான்: திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து ஒரு மீட்டரில் 100 டெசிபல் இருந்தால் 64 மீட்டர் தள்ளிப் போனாலும் 64 டெசிபல் இருக்கும். ராத்திரிக்குச் சொல்லியிருக்கும் 45ஐத் தொட அரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வீட்டுச் சுவர்கள் கொஞ்சம் தடுக்கும் என்றாலும், எங்கள் தெருவின் அகலம் ஒரு குட்டி யானையும் ஒரு பைக்கும்தான்.

"ரூல்ஸ்படி பாத்தா சாயங்காலமே நான் தப்புதான் ணா. 10 மணி வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க, அவ்ளோதான்." அவர் வாயாலேயே இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கேற்ற மாதிரிதான் செட்டையும் போட்டார். டாப் இரண்டையும் எதிர்வீட்டைப் பார்த்து வைக்காமல் பந்தலுக்குள் சாய்த்து வைத்தார், ஏனென்றால் டாப் சத்தம் பார்த்த திசையில்தான் போகும். பேஸ் அப்படி இல்லை, எல்லாப் பக்கமும் பரவும், சுவரையும் தாண்டும். டெசிபல் மீட்டர் பேஸைக் குறைத்துத்தான் காட்டும், ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் நெஞ்சில் இடிப்பது அதுதான். அதனால் பேஸ் பாக்ஸுக்கு அடியில் பழைய டயரை அறுத்து நான்கு துண்டு போட்டார். நான் பார்த்த வரையில் வேறு எந்த சவுண்ட் செட்டிலும் இதைச் செய்ததில்லை. எதிர்வீட்டு ஆயாவின் மருமகள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர், ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். இவரே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "ஆயா, கரெக்டா 10 மணிக்கு நிறுத்திடுவேன்" என்றார். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எல்லாரும் இப்டித்தான் சொல்றீங்கோ" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஏழு மணி சீர் ஏழு மணிக்கு வருமா? தட்டு எண்ணி, பழம் அடுக்கி, பெரியம்மா ஒரு தட்டு குறைகிறது என்று மறுபடி எண்ணி, வீட்டை விட்டுக் கிளம்பவே ஏழரை தாண்டிவிட்டது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போய், கேட் திறக்கும் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. 41 தட்டு, நாலு ஆட்டோ, நான் பட்டு வேட்டியோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். டிஜே இரண்டு முறை போன் பண்ணினார். மூன்றாவது முறை பண்ணவில்லை. தெருமுனையில் நாங்கள் இறங்கியபோது மணி 8:45.

சீர் வரும்போது போட்ட பாட்டு வரிசை அருமை. குறை சொல்ல முடியாது. மேளம் தனியாக ஒரு பக்கமும் டிஜே ஒரு பக்கமும் போட்டி போடாமல், மேளக்காரருக்கு 10 நிமிடம் விட்டுக்கொடுத்து, சரியாக அவர் முடிக்கும் இடத்தில் பேஸை உள்ளே கொண்டுவந்தார், என் மாமியார் உட்பட எல்லாரும் ஆடினார்கள். கானா பாட்டு எவ்வளவு, சினிமா பாட்டு எவ்வளவு என்கிற அளவும் தெரிந்த ஆள். வடசென்னையில் கானாவே போடாமல் போன செட்டும் உண்டு, கானா மட்டும் போட்டுப் பெரியவர்களை எழுந்து போக வைத்த செட்டும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. மைக் பிடித்த பையன் பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்கிறான். இருக்கிறதே 70 நிமிடம், அதில் ஒவ்வொரு மொய்க்காரருக்கும் எக்கோ வைத்து வரவேற்பு. புகை மெஷினைச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், ரசம் சாதத்தின் மேல் புகை. லைட் ஒன்று ஆரம்பத்திலிருந்தே எரியவில்லை, கேட்டால் வயர் லூஸ் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

9:40க்கு பேஸ் குறைந்தது. யாரும் கவனிக்கவில்லை, நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன், கன்ட்ரோலர் பெட்டி மூடியில் ஒரு சின்ன அலாரம் டைம்பீஸை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். கடைசி மூன்று பாட்டு என்று மைக்கில் சொன்னார். பையன்கள் கத்தினார்கள். அக்கா வீட்டுக்காரர் போய், "தம்பி, அரை மணி நேரம், நான் பாத்துக்கறேன், ஏரியால நமக்குத் தெரியாத ஆளா" என்றார். என் தம்பி 500 ரூபாயை நீட்டினான். அவர் வாங்கவில்லை. 9:55க்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்து, ஆம்ப்பை ஆஃப் பண்ணி, வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தைத்தான் முதலில் சொன்னேன்.

ஆனால் போன வருஷம் பெரியப்பா பையன் ரிசெப்ஷனில் நடந்ததும் நினைவுக்கு வந்தது. அங்கே வந்திருந்த வேறொரு செட், கேட்டவர்கள் எல்லாருக்கும் தலையாட்டி, 11:30 வரை ஓட்டினார்கள். யாரோ 100க்குப் போன் பண்ண, ரோந்து வண்டி வந்து நின்றது. "நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன ஏரியா பெரியவர்கள் ஒருத்தரும் பக்கத்தில் இல்லை, எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில். கன்ட்ரோலரும் ஆம்ப்பும் வண்டியில் ஏறியது. அடுத்து வந்த மூன்று முகூர்த்த நாளும் அந்த ஆள் வாடகைக்குச் செட் எடுத்து ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன். கல்யாண வீட்டுக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை.

வயரைச் சுற்றிக்கொண்டே இவர் சொன்னதைக் கேட்டால் வேலை எப்படி மாறிவிட்டது என்று புரியும். முன்னால் ஒரே ராத்திரியில் இரண்டு விசேஷம் பிடிப்பார்களாம், ஆறிலிருந்து ஒன்பது ஒரு வீடு, 10 மணிக்கு மேல் இன்னொரு தெரு. இப்போது ஊரே ஏழிலிருந்து 10க்குள் ஆட வேண்டும். முகூர்த்த நாளில் 10 பேர் கூப்பிட்டாலும் ஒரு இடத்துக்குத்தான் போக முடியும், மற்ற நாளில் செட் சும்மா கிடக்கும். வண்டி வாடகை குறையவில்லை, பையன்கள் கூலி குறையவில்லை, ஏற்றி இறக்குவதற்கு மதியம் மூன்று மணிக்கே வந்தாக வேண்டும். அதற்கு மேல் எங்களை மாதிரி ஆட்கள், "மூணு மணி நேரம்தானே, ரேட்டைக் கொற" என்று பேரம் பேசுகிறோம். தாமதமாக வருவது நாம், அடி வாங்குவது அவர் பணம்.

10 மணிக்குப் பிறகு என்ன ஆனது என்றால், பையன்கள் போகவில்லை. ஒருத்தன் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்தான், டிஜே தம்பி, "அதுவும் கூடாது மச்சி, வாத்தியத்தையும் 2010லயே சேத்துட்டாங்க" என்று சிரித்தார். சரி என்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வெறும் கைத்தட்டில் அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா கானா பாடினார். விரல் நுனியால் மட்டும் தட்டிக்கொண்டு, குரலை இறக்கி, 11 மணி வரை. அந்த 70 நிமிடத்தைவிட இதை நான் அதிகம் ரசித்தேன் என்று டிஜேவிடம் சொல்ல முடியாது. நடுவில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிர்வீட்டில் லைட் அணைந்திருந்தது.

பாக்கி 10,000 கொடுக்கும்போது அக்கா வீட்டுக்காரர் 3,000 பிடித்துக்கொண்டார், ஆடவே விடவில்லை என்று. டிஜே தம்பி எதுவும் பேசவில்லை, எண்ணிப் பார்த்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டார்ப்பாய் கட்டப் போய்விட்டார். மறுநாள் நான் அந்த 3,000ஐ ஜிபேயில் அனுப்பினேன். அக்கா வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துவிடும், படிக்க மாட்டார்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்று குறைத்தது மைக் பையனுக்கும் ரசத்தில் விழுந்த புகைக்கும். விடிய விடிய ஆட வேண்டும் என்பவர்கள் இவரைக் கூப்பிட வேண்டாம், இரண்டு பேருக்கும் மனக்கசப்பு. தெருவில் விசேஷம், பக்கத்து வீட்டோடு நாளைக்கும் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கூப்பிடலாம், ஆனால் பத்திரிகையில் ஆறு மணி என்று போடுங்கள், கேக்கோ போட்டோவோ எதுவாக இருந்தாலும் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

தை மாதம் எங்கள் வீட்டில் காதுகுத்து, இவரையே சொல்லியிருக்கிறேன். இந்த முறை காலை 11 மணி விசேஷம், அதே 14,000. சீர் அக்கா வீட்டிலிருந்து வருகிறது. கேட் மூடுவதற்குள் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவேன் என்று அவள் இப்போதே எனக்குக் கேட்கிற மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.