கைபேசியா, தனி ஜிபிஎஸ் கருவியா: திருகோணமலைச் சிறுபடகுக்கு எது?

எங்கள் படகுக்குக் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கிவிட்டோம். "ஃபோன் இருக்கும்போது அதற்கு ஏன் தனியாகக் காசு?" என்று கரையில் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். நான் தனிக் கருவியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தரையில் வாதத்துக்கே இடமில்லை. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்குப் போகவும், நிலாவெளியில் ஒரு விடுதியைத் தேடவும் கைபேசி போதும்.

கடலிலும் துல்லியத்தை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது. இரண்டும் கேட்பது ஒரே செய்மதிகளைத்தான். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அவை, தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீற்றர் மாறிவிடும். கருவிக்குள் இருக்கும் சாதாரணக் கடிகாரத்தின் பிழையையும் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான் இடத்தை அறிய மூன்று செய்மதிகளின் தூரம் போதாமல் நான்காவதும் தேவைப்படுகிறது. திறந்த கடலில் மறைப்பு எதுவும் இல்லை. இரண்டுமே சில மீற்றர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கோபுரத்தின் சிக்னல் இல்லாவிட்டால் கைபேசியின் ஜிபிஎஸ் செத்துவிடும் என்பதும் சரியல்ல. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது பற்றரி. கைபேசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பற்றரி. உச்சி வெயிலில் திரை தெரிய வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும்; கூட்டினால் சூடாகும்; சூடேறியதும் திரை தானாகவே மங்கிவிடும். கரையை விட்டு விலக விலக, கோபுரத்தைத் தேடித் தேடியே மின்சாரம் தீரும். பவர் பேங்க் இருக்கிறதே என்பார்கள். சார்ஜ் துளைக்குள் உப்புநீர் பட்டால் பல கைபேசிகள் சார்ஜ் ஏற மறுக்கின்றன.

கச்சான் வீசும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். எஞ்சின் நின்ற படகு, கோணேசர் கோயில் மலை சிறுத்துக்கொண்டே போக, மெல்ல வெளியே இழுபடும். அப்போது இரண்டு காரியம் நடக்க வேண்டும்: நாம் எங்கே இருக்கிறோம் என்று அறிய வேண்டும், அதைக் கரைக்குச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பற்றரியிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து வழி காட்டிக் களைத்த கைபேசி, உதவி கேட்க வேண்டிய நேரத்தில் அணைந்துவிட்டால் என்ன செய்வது?

எங்கள் கருவிக்குச் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ பற்றரி இரண்டு போதும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், நடுக்கடலிலேயே மாற்றிக்கொள்ளலாம். வெயில் ஏற ஏறத் திரை தெளிவாகத் தெரிகிறது. ஈரக் கையோடு தொட்டால் கைபேசித் திரை தடுமாறும். இதில் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. ஆள் கடலில் விழுந்தால் அந்த இடத்தை உடனே பதிந்துகொள்ளும் வசதியும் இத்தகைய கடற்கருவிகள் பலவற்றில் உண்டு.

பராமரிப்பு இல்லாமல் இல்லை. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பற்றரி மூடியின் ரப்பரில் மணல் இருக்கக் கூடாது. வாடைக்காலத்தில் கடலுக்குப் போகாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கசிந்து, உள்ளே பச்சை பூத்துவிடும். அந்த ரப்பர் எத்தனை வருடம் உழைக்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு எங்கள் கருவி இன்னும் பழசாகவில்லை. படகில் பொருத்தும் பெரிய திரைக் கருவிகளை உறவினர் படகில் பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

மீன் கிடைத்த இடத்தை இன்னொருவருக்கு அனுப்புவதில் கைபேசிக்கு ஈடில்லை. ஆனால் அலகைக் கவனியுங்கள். கைபேசி அகலக்கோட்டை 8.57 பாகை என்று காட்டுவதை 8 பாகை 57 நிமிடம் (60 நிமிடம் சேர்ந்தால்தான் ஒரு பாகை) என்று கருவியில் பதிந்தால், படகு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் வடக்கே போய் நிற்கும். இரண்டையும் ஒரே அலகில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

இப்போதைக்குக் கைபேசிதான் முடியும் என்பவர்கள் அதை நீர்புகா உறையில் போட்டு, விமானப் பயன்முறையில் வையுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் அப்போதும் ஜிபிஎஸ் இயங்கும். கூடவே, பேசுவதற்கு மட்டும் ஒரு பழைய பொத்தான் ஃபோனை நிறையச் சார்ஜ் ஏற்றி எடுத்துப் போங்கள்.