ஆட்டோகேட்டா, ரெவிட்டா? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்கான ஒப்பீடு

நாலைந்து பேர் இருக்கும் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வாங்க முடிவானால், நேராகக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் "நல்ல கிராபிக்ஸ் கார்டு எது?" என்று கேட்பதுதான் சென்னையில் வழக்கம். அதற்கு முன்பே எந்த மென்பொருளில் வேலை என்பது முடிவாகியிருக்க வேண்டும். தாளில் கோடு போடுவது போல வரையும் ஆட்டோகேட் கேட்கும் மெஷின் வேறு, முழுக் கட்டடத்தையும் ஒரே முப்பரிமாண மாடலாக அமைக்கும் ரெவிட் கேட்பது வேறு, அந்த மாடலை நிஜப் படம் போலக் காட்டும் ரெண்டருக்கு வேண்டியது இரண்டிலும் சேராது.

ஆட்டோகேட் 1982-இல் வந்தது. இன்றைக்கும் நம் ஊரில் டிராயிங் கைமாறுவது அதன் கோப்பு வகையான டிடபிள்யூஜியாகத்தான். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பிளம்பிங் பார்ப்பவர், கான்ட்ராக்டர் எல்லோரும் கேட்பது அதையே. கூடவே முப்பரிமாணத்துக்கு ஸ்கெட்ச்அப். இந்த ஜோடியில் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலமே கிளையன்டுக்கு ஏதாவது காட்டிவிடலாம். தனி வீடு, இன்டீரியர் வேலை மட்டும் செய்கிறவர்கள் இதை விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. வருடா வருடம் சந்தா கட்டுவது சிரமம் என்றால், அதே டிடபிள்யூஜியில் வேலை செய்யும் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் இருக்கின்றன. இவற்றை ஒரே தடவை பணம் கட்டி நிரந்தர உரிமமாக வாங்கலாம். ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அந்த வழியை 2016-இலேயே மூடிவிட்டது.

அடுக்குமாடி என்று வந்தால் கதை மாறுகிறது. கீழே தூண்கள் மேல் நிற்கும் கார் பார்க்கிங் தளமான ஸ்டில்ட்டும் மேலே நாலு மாடியும் உள்ள ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். டிராயிங் எல்லாம் முடிந்த பிறகு, சமையலறை அக்னி மூலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று கிளையன்ட் சொல்கிறார். ஆட்டோகேட்டில் ஒவ்வொரு மாடி பிளானையும் திருத்த வேண்டும். பைப் போகும் ஷாஃப்ட் நகரும், அதனால் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் மாறும். பின்பக்கத் தோற்றத்தைக் காட்டும் எலிவேஷனில் ஜன்னல் இடம் மாறும். கதவு, ஜன்னல் பட்டியலான ஷெட்யூலைத் திரும்ப எண்ண வேண்டும், பரப்பளவுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். ஸ்கெட்ச்அப் மாடல் தனிக் கோப்பு, அதிலும் இதே வேலை. எங்காவது ஓரிடம் விட்டுப்போனால் பிளானில் 4 அடி ஜன்னல், எலிவேஷனில் 5 அடி என்று நிற்கும். கொத்தனார் கையில் எந்தத் தாள் இருக்கிறதோ அதுதான் சுவராக எழும்பும். அப்புறம் இடித்துக் கட்டும் செலவு யார் தலையில் என்று தகராறு.

ரெவிட்டில் அந்தச் சுவர் ஒரே பொருள். பிளான், செக்‌ஷன், எலிவேஷன் எல்லாம் அதே மாடலைப் பல பக்கத்திலிருந்து பார்ப்பவை. ஒரு இடத்தில் நகர்த்தினால் எல்லாத் தாளிலும் நகரும், ஷெட்யூல் தானாகவே திரும்ப எண்ணிக்கொள்ளும். நாலு மாடிக்கு மேல் தொடர்ந்து வேலை வருகிற ஆபீஸ் ரெவிட்டுக்கு மாறுவதே சரி என்று நான் அழுத்திச் சொல்வது இந்தத் திருத்தத்துக்காகத்தான்.

அதற்கு விலையும் உண்டு. நம்ம ஊர் ஜன்னல் கிரில், லாஃப்ட், சன்ஷேட் எல்லாவற்றுக்கும் ஃபேமிலி, அதாவது மாடலில் எடுத்து வைக்கும் ஆயத்தப் பொருள், நாமே செய்துகொள்ள வேண்டும். முதல் சில மாதம் வேலை மெதுவாகத்தான் போகும். ரெவிட் 2025-இல் சேமித்த கோப்பை 2024 திறக்காது. ஆகவே கூட வேலை செய்கிறவர்களோடு எந்த ஆண்டுப் பதிப்பு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

ஹங்கேரியின் ஆர்க்கிகேட்டும் இதே வகைதான், மேக்கிலும் ஓடும். நல்ல மென்பொருள். ஆனால் தெரிந்த ஆள் இங்கே கிடைப்பது கஷ்டம்.

சரி, மெஷினுக்கு வருவோம். பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள் பல உண்டு, அவை ஒவ்வொன்றும் ஒரு கோர். ரெவிட்டின் பெரும்பாலான வேலை ஒரே கோரில் நடக்கிறது. கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம், அடுத்தது ரேம். சுமார் 100 எம்பி மாடலுக்கு 16 ஜிபி, 300 எம்பிக்கு 32 ஜிபி என்பது ஆட்டோடெஸ்க்கே சொல்லும் கணக்கு. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இங்கே பெரிதாக உதவாது. அது லூமியன், டி5, என்ஸ்கேப் மாதிரி ரெண்டர் மென்பொருளுக்குத்தான் வேண்டும். அதிலும் கார்டில் இருக்கும் மெமரியைப் பாருங்கள். மரம், புல், ஃபர்னிச்சர் என்று காட்சி நிரம்பும்போது 8 ஜிபி போதாது, 16 ஜிபி வேண்டும்.

லேப்டாப்பில் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு எடுக்கும் மின்சாரம் 115 வாட். அதே பெயருள்ள லேப்டாப் கார்டை, தயாரிப்பவர் 35 வாட்டிலிருந்து 115 வரை எதிலும் நிறுத்தலாம். ஆர்டிஎக்ஸ் 4090-இல் டெஸ்க்டாப்புக்கு 24 ஜிபி மெமரி, லேப்டாப்புக்கு 16 தான். போதாததற்கு நம் மே மாத வெயில். ஏசி இல்லாத அறையில் நீண்ட ரெண்டர் போட்டால் லேப்டாப் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆளுக்கொரு கேமிங் லேப்டாப் என்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தில் ரெண்டருக்கென்று 16 ஜிபி கார்டும் 64 ஜிபி ரேமும் போட்ட ஒரு டெஸ்க்டாப், மற்றவர்களுக்குச் சாதாரண கார்டோடு 32 ஜிபி டெஸ்க்டாப், சைட்டுக்கும் கிளையன்ட் வீட்டுக்கும் கொண்டுபோக ஒரு லேப்டாப் என்று வாங்கலாம். 64 ஜிபி ரேமை 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகக் கேளுங்கள். டிடிஆர்5 வகை ரேமில் நாலு ஸ்டிக் போட்டால் வேகம் பொதுவாகக் குறையும். யுபிஎஸ் கட்டாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். தரைத்தள ஆபீஸ் என்றால் கேபினட்டை மேஜை மேல் வையுங்கள்.

மேக்? சத்தமில்லை, சூடு குறைவு, ஸ்கெட்ச்அப்பும் இன்னொரு முப்பரிமாண மென்பொருளான ரைனோவும் நன்றாக ஓடும். ஆனால் ரெவிட், முப்பரிமாணக் காட்சிக்கான த்ரீடிஎஸ் மேக்ஸ் இரண்டும் விண்டோஸுக்கு மட்டும். ஆப்பிளின் சொந்த சிப் வந்த பிறகு, மேக்கில் விண்டோஸ் போட்டுக்கொள்ள உதவிய பூட்கேம்ப் வழியும் போய்விட்டது. ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகும் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ரெவிட்டுக்கு மாறுகிறவர்கள் பாதியில் நிற்கும் பிராஜெக்ட்டைத் தொடாதீர்கள். அடுத்துக் கையெழுத்தாகும் அபார்ட்மென்டில் இரண்டு பேரை மட்டும் உட்கார வைத்து ஆரம்பியுங்கள். இன்ஜினியருக்கு எப்படியும் டிடபிள்யூஜியாகத்தான் அனுப்பப் போகிறோம். ஆகவே எக்ஸ்போர்ட் செட்டிங்கில் லேயர் பெயர்களை அவருக்குப் பழகியபடி முதல் வாரத்திலேயே அமைத்து, ஒரு தாள் அனுப்பி அவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.