எம்ஜிபி காரின் சில் வெல்டிங்கை வெளியே கொடுக்கிறீர்களா? முன் மட்கார்டின் போல்ட்டுகளைப் பாருங்கள்

இங்கிலாந்தில் வீட்டுக் கராஜில் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மூன்று ஆண்டுகளாகச் சீரமைத்து வருகிறேன். 1,798 சிசி எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டியதும், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களைச் சீராக்கியதும், பிரேக் குழாய்களைப் புதிதாக வளைத்துப் போட்டதும் என் கைகள்தான். வெல்டிங் மட்டும் எனக்கு வராது. கதவுகளுக்குக் கீழே துருப்பிடித்திருந்த சில் தகடுகளை மாற்றும் அந்த ஒரு வேலையை ஒரு பட்டறையில் கொடுத்தேன். எட்டு மாதமும் 4,200 பவுண்டும் போயின. கொடுத்தபோது இருந்ததைவிட மோசமாகக் கார் திரும்பி வந்தது. விவகாரம் முடியாததால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எம்ஜிபியை வைத்திருக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டு; எம்ஜிபிக்குக் கிடையாது. உடல் தகடுகளே சேஸிஸ். கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியும் பின்பாதியும் நடுவில் மடங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்கள்தான் காரணம். சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளிச் சில், நடுத்தகடு, உட்சில், அடியில் காஸல் ரெயில் என்று பல தகடுகள் சேர்ந்த பெட்டி அது. வெளிச் சில் கதவோடு முடிவதும் இல்லை. முன்பக்கம் மட்கார்டுக்குப் பின்னாலும், பின்பக்கம் பின் மட்கார்டின் அடிப்பகுதிக்கு உள்ளேயும் நீள்கிறது. ஆகவே முழுச் சில்லையும் மாற்ற வேண்டுமென்றால் போல்ட் போட்ட முன் மட்கார்டைக் கழற்றியே ஆக வேண்டும். வெல்டிங் செய்யப்பட்ட பின் மட்கார்டின் அடியை வெட்டியே ஆக வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து உடலை அசையாமல் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும்.

இதெல்லாம் எனக்கு அப்போதே ஏட்டளவில் தெரியும். பட்டறைக்காரரும் இதையே, நான் கேட்காமலே, அழகாக எடுத்துச் சொன்னார். அதில்தான் விழுந்தேன். இரண்டு பக்கமும் முழுதாக மாற்றித் தருவதாகப் பேச்சு. பாதிப் பணத்தை வங்கி வழியாக முன்கூட்டியே அனுப்பினேன். இரண்டு மாத வேலை என்றார்.

நான்காவது மாதம், காஸல் ரெயில் எங்கும் கிடைக்கவில்லை என்றார். அன்றே நான் விழித்திருக்க வேண்டும். எம்ஜிபி குடும்பத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராகியிருக்கின்றன. பாகங்கள் எளிதாகக் கிடைக்கும் பழைய பிரிட்டிஷ் கார்களில் இதுவும் ஒன்று. இங்கிலாந்தின் விட்னி நகரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் முழு உடலையே புதிதாகச் செய்து தருகிறது. நானே வாங்கித் தருகிறேன் என்றதும், அடுத்த வாரமே வந்துவிடும் என்று பேச்சை மாற்றினார். இடையில் இரண்டு முறை பார்க்கப் போனேன். இரண்டு முறையும் கார் 'வேறு கொட்டகையில்' இருந்தது.

எட்டாவது மாதம் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தந்தார். சில்லில் புதுப் பெயிண்ட் மின்னியது. அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு வழிய வழியப் பூசியிருந்தது. ஓட்டுநர் கதவை மட்டும் சற்றுத் தூக்கித்தான் சாத்த முடிந்தது. ரப்பர் புதிது, போகப் போகப் படிந்துவிடும் என்றார். நம்பினேன். மூன்று வாரம் அந்தக் காரில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

சக்கரத்தைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்தேன். சக்கரம் தரையைவிட்டு எழும்பும்போதே கதவின் மேல் இடைவெளி சுருங்கி, கதவு தூணோடு இறுகிக்கொண்டது. உடல் வளைகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முன் மட்கார்டைக் கழற்றக் குனிந்தபோது, இரண்டு ஆண்டுக்கு முன் நானே பூசிய துருத்தடுப்பு மெழுகு போல்ட்டுகளின் தலையில் கலையாமல் இருந்தது. ஒரு ஸ்பேனர்கூட அவற்றைத் தொடவில்லை. மட்கார்டை எடுத்தால், புதுத் தகடு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் இருந்தது பழைய சில். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், அப்பளம் போல நொறுங்கியது. பின் மட்கார்டின் அடியில் காந்தம் ஒட்டவில்லை, அத்தனையும் ஓட்டையை நிரப்பும் பட்டிப் பூச்சு. கார் உடல் வேலையில் ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓரிடத்தில் பட்டியைத் தேய்த்துக் காட்டினார். துருப்பிடித்த பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தியிருந்தார்கள். காஸல் ரெயில் மாற்றப்படவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

படங்களோடு போய்க் கேட்டதற்கு, "ஐம்பது வருடக் கார், இப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது.

இந்தத் துணிச்சலுக்கு ஒரு காரணம் உண்டு. 40 ஆண்டைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுச் சோதனையான எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் நாமாகக் கொண்டுபோனால் ஒழிய வேறொருவர் கண் காரின் அடியில் படுவதே இல்லை. ஆனால் கார் சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையது. எம்ஓடி எடுத்தாலும் சோதிப்பவர் மட்கார்டைக் கழற்றிப் பார்க்கமாட்டார்.

வேலை கொடுப்பவர்கள், பழைய சில் வெட்டப்பட்ட நிலையில், குறுக்குக் கம்பியோடு, உங்கள் காரின் எண் தெரியும் படத்தைக் கேளுங்கள். முடிந்தால் அந்தக் கட்டத்தில் நேரில் போய் நில்லுங்கள். மூடிய பிறகு எதையும் நிரூபிப்பது கடினம். முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75-இன் கீழ் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்க முடியும். வங்கி வழியாக அனுப்பிய எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

வேலை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். அதை வைத்து நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் மனு செய்திருக்கிறேன். தொகை 10,000 பவுண்டு வரம்புக்குள் வருகிறது. சுயேச்சையான ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிவிட்டேன். விசாரணை முடியும்வரை அவர்கள் செய்த வேலையைக் கலைக்க வேண்டாம் என்பதால், மட்கார்டு கழற்றிய நிலையிலேயே கார் கராஜில் நிற்கிறது. கதவுத் திறப்பின் குறுக்கே இப்போது கம்பி இருக்கிறது. அதைப் பொருத்தித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.