மலை மேல இருக்கற 24 மணி நேர பிஎச்சி: கவனிப்பு அருமை, ஆள் தான் பத்தல

தங்கச்சி பிரசவத்துக்கு நாங்க போனது மலை மேல இருக்கற ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் (பிஎச்சி). பேர் போடல, ஏன்னா குறை அங்க வேலை பாக்கறவங்க மேல இல்ல, ஆள் போடற விதத்துல தான். கவனிப்புக்கு 5க்கு 5, நர்ஸ் எண்ணிக்கைக்கு 1 தான் குடுப்பேன்.

ராத்திரி வலி எடுத்து போனப்ப டூட்டில இருந்தது ஒரே சிஸ்டர். அரை மணிக்கு ஒரு தடவ டாப்ளர் வெச்சு குழந்தை துடிப்பு பாத்து சார்ட்ல எழுதறாங்க, நடுவுல தேள் கடின்னு ஒரு பெரியவர தூக்கிட்டு வர்றாங்க, அவருக்கு ஊசி போட்டுட்டு கைய கழுவிட்டு திரும்ப ஓடி வர்றாங்க, ஒரு வார்த்தை கடுப்பா பேசல, "இன்னும் கொஞ்சம் தான் சாமி, மூச்ச இழுத்து விடு"ன்னு தங்கச்சி கையையே புடிச்சுட்டு நின்னாங்க. சுகப்பிரசவம், பொண்ணு. ஒரு ரூபா கேக்கல. காலைல பாத்தா டூட்டி மாத்த ஆளே வரல, அதே சிஸ்டர் ஓபில பிபி பாத்துட்டு இருக்காங்க!

மூணு ஷிப்டுக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ் இருக்க வேண்டிய இடம் அது. ஒருத்தர் மகப்பேறு லீவு, இன்னொருத்தர கீழ இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு டெபுடேஷன்ல, அதாவது போஸ்டிங் இங்க வேலை அங்கன்னு, கூப்டுகிட்டாங்க. பேப்பர்ல பாத்தா போஸ்டிங் ஃபுல்லு, அதனால புது ஆளும் வராது. இந்த டெபுடேஷன் தான் எனக்கு சுத்தமா புடிக்காத விஷயம், ஆள் அதிகமா இருக்கற எடத்துக்கு ஆளே இல்லாத எடத்துலருந்து எடுக்கறது எந்த ஊர் நியாயம்?

சமவெளில 30,000 பேருக்கு ஒரு பிஎச்சி, மலைல 20,000 பேருக்கே ஒண்ணு, துணை சுகாதார நிலையம் அங்க 5,000 பேருக்கு, இங்க 3,000 பேருக்குன்னு விதியே இருக்கு. மலைக்கு கூடுதலா வேணும்னு தெரிஞ்சு தான போட்டிருக்காங்க, அப்ப ஆளும் அப்படி வரணும்ல.

நர்ஸுங்கள குத்தம் சொல்லவே மாட்டேன். எம்ஆர்பி (அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கற வாரியம்) மூலமா 2015ல சேந்தவங்களுக்கு ஆரம்பத்துல மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியம், வேலைய நிரந்தரம் பண்ணுங்கன்னு 2017 நவம்பர்ல சென்னைல சுகாதாரத்துறை ஆபீஸ் இருக்கற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடினாங்க. சொந்த ஊர் ஒரு மூலை, போஸ்டிங் ஒரு மூலை, குவார்ட்டர்ஸ்ல தண்ணி வராது, புள்ளைக்கு பக்கத்துல ஸ்கூல் கெடையாது, அப்பறம் ட்ரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் வந்தா யாரா இருந்தாலும் கீழ தான எறங்குவாங்க. டாக்டர்களுக்கு மலைல வேலை பாத்தா பிஜி (மேல்படிப்பு) அட்மிஷன்ல இன்சென்டிவ் மார்க் இருக்கற மாதிரி இவங்களுக்கும் கண்ணுக்கு தெரியற பலன் ஒண்ணு வேணும், இத்தன வருஷம் மலைல பாத்தா அடுத்தது கேட்ட ஊருன்னு எழுதியே குடுக்கலாம்.

போறவங்க தைரியமா போங்க. பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிஞ்சப்ப குடுத்தது), ஸ்கேன் ரிப்போர்ட் கைல இருக்கட்டும், தேதி நெருங்கறப்ப விஎச்என் (கிராம சுகாதார செவிலியர்) அக்காவுக்கு போன் போட்டு ராத்திரி டூட்டிக்கு சிஸ்டர் இருக்காங்களான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.