நர்சிங் மாணவிகளின் சிந்தனையை அளப்பது: ஏழு வருட அனுபவம்

நர்சிங் மாணவிகளின் கிரிட்டிக்கல் திங்கிங்கை எப்படி அளப்பது? தமிழில் விமர்சன சிந்தனை என்கிறோம். பாடம் நடத்தும் எங்களுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு பேட்ச்சிலும் வரும். ஏழு வருடமாக இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டையும் பற்றி எனக்கு இப்போது தெளிவான அபிப்பிராயம் உண்டு.

முதல் மூன்று வருடம் ஹெல்த் சயின்சஸ் ரீசனிங் டெஸ்ட். 33 கேள்விகள், 50 நிமிடம், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். விடை சொல்லத் தேவையான தகவல் கேள்விக்குள்ளேயே இருக்கும் என்பதால், மருந்தின் அளவை மனப்பாடம் செய்தவருக்குத் தனி லாபம் கிடைக்காது. இதற்கு அடிப்படை 1990-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் பீட்டர் ஃபேசியோன் தலைமையில் 46 வல்லுநர்கள் ஒத்துக்கொண்ட விமர்சன சிந்தனையின் வரையறை. பொருள்கொள்ளுதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், அனுமானித்தல், விளக்குதல், தன் சிந்தனையைத் தானே சரிபார்த்தல் என்று ஆறு திறன்களை அது சொல்கிறது.

ஒரு மணி நேரத்தில் மொத்த வகுப்பையும் முடித்துவிடலாம். மதிப்பெண் போடுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வராது. அதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. தவறு செய்தது நாங்கள்தான். முதல் வருடமும் கடைசி வருடமும் அதே தேர்வை வைத்து, ஒரு மாணவியின் மதிப்பெண் இரண்டு புள்ளி குறைந்தால் அவள் சிந்தனை மங்கிவிட்டதாகவே எடுத்துக்கொண்டோம். இரண்டாம் தடவை பலர் இரவுப் பணி முடித்துக் கண் எரிய வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாஸ், ஃபெயில் எதுவும் இல்லாத தேர்வு என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீளமான கேள்வியை வேகமாகப் படிக்க வராதவர்கள் அங்கேயே பின்தங்கினார்கள்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு சிமுலேஷன் வகுப்பு, அதாவது நிஜ நோயாளி இல்லாமல் பழகும் வகுப்பு. வயிற்று அறுவை முடிந்து வந்த நோயாளியாக மானிகின் என்ற மனித உருவப் பொம்மையைப் படுக்க வைத்திருந்தோம். நாடி 88, அரை மணியில் 104, அப்புறம் 118. பி.பி. 118/76-இலிருந்து 112/84. தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த மாணவி ஒவ்வொரு எண்ணையும் அழகாக சார்ட்டில் ஏற்றினாள். மேல் பி.பி. நூறுக்கு மேலேயே இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அடுத்து வந்தவள் தேர்வில் கடைசி வரிசைக்காரி. சார்ட்டைப் பார்த்தாள், குனிந்து யூரின் பேக்கைப் பார்த்தாள். “மேடம், ஒரு மணி நேரமா பேக்ல அளவு ஏறவே இல்ல. நாடி ஏறிட்டே போகுது. உள்ளே ரத்தம் கசியுதோ?” என்று கேட்டுக்கொண்டே டிரெஸ்ஸிங்கைப் பார்க்கப் போர்வையை விலக்கினாள். மேல் பி.பி. இறங்குவதற்கு முன்னாலேயே நாடி ஏறும், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி குறுகும் என்பது இருவரும் படித்த பாடம்தான். நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது அது நினைவுக்கு வருகிறதா என்பதை எங்கள் தேர்வுத்தாள் எனக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் லாசட்டர் ரூப்ரிக்குக்கு வந்தோம். மாணவி வேலை செய்வதைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கான அளவுகோல் அது. 2007-இல் வெளியானது. கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல் என்ற நான்கு கட்டங்களில் 11 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். மொத்த மதிப்பெண் 11 முதல் 44 வரை.

ஆரம்பத்தில் படாத பாடு பட்டோம். ஒரே மாணவிக்கு நான் 34 போட்டேன், உடன் இருந்தவர் 26 போட்டார். “முக்கியமான அறிகுறியைக் கவனித்தாள்” என்றால் என்ன என்பதிலேயே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மூன்று வீடியோ பதிவுகளைச் சேர்ந்து பார்த்து, ஒவ்வொரு கூறுக்கும் உதாரணம் எழுதி வைத்த பிறகே வித்தியாசம் இரண்டு மூன்று புள்ளிக்குள் வந்தது. இதைச் செய்யாமல் யாரும் இந்த ரூப்ரிக்கைத் தொடவே கூடாது என்பேன்.

அமைதியான பிள்ளைகள் இன்னொரு சிக்கல். கை சரியாக வேலை செய்யும், வாய் திறக்காது. அவள் கவனிக்கவில்லை என்று நாங்களும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவோம். இப்போது மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்கிறோம். முடிந்ததும் ஐந்து நிமிடம், “எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தே? வேற என்னவாக இருந்திருக்கலாம்?” என்று கேட்கிறோம். என் அனுபவத்தில் சிந்தனை வெளிப்படுவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

நேரம்தான் பெரிய செலவு. ஒரு மாணவிக்கு இருபது நிமிடம், பார்க்க இரண்டு பேர். பெரிய வகுப்பென்றால் ஒரு வாரம் போய்விடும். அதனால் நடுவில் எழுத்துத் தேர்வும் வைக்கிறேன். அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கு எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாறியபோது வந்த கேஸ் வடிவம் அதற்கு உதவுகிறது. ஒரே நோயாளி, நிலைமை மாற மாற ஆறு கேள்விகள். அறிகுறியைக் கண்டுகொள்வதில் தொடங்கி, செய்தது பலித்ததா என்று பார்ப்பதில் முடியும். கேஸை நாமே எழுத வேண்டும். ஒரு நல்ல கேஸுக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆகின்றன.

இப்போது ஹெல்த் சயின்சஸ் ரீசனிங் டெஸ்டை மாணவிகள் சேரும்போது ஒரு தடவை மட்டும், மொத்த வகுப்பையும் தெரிந்துகொள்ள வைக்கிறேன். தனித்தனியாக யாரையும் அதை வைத்து எடைபோடுவதில்லை. ரூப்ரிக் வருடத்துக்கு இரண்டு முறை. அந்தத் தாளை மதிப்பெண்ணோடு மாணவி கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அடுத்த சிமுலேஷனுக்கு வரும்போது பலர் அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.