விச்சிட்டா ஃபால்ஸில் மூன்று நாள்: ரிப்பிட்டோவின் பார்பெல் பட்டறை யாருக்குப் பயன்படும்?

பார்பெல், அதாவது இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி, அதில் பயிற்சி செய்து ஊறிப்போனவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பார்பெல் கோச் மார்க் ரிப்பிட்டோ பக்கத்தில் நிற்க வேண்டும், நம் ஸ்குவாட்டை (பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது) அவர் ஒருமுறையாவது கண்ணால் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதற்கு இருக்கும் நேரான வழி, ‘ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்’ என்ற அவருடைய பயிற்சி முறையைச் சொல்லித்தரும் பட்டறை. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை, ஏறக்குறைய 25 மணி நேரம். டெக்சஸ் மாநிலத்தின் வடக்கே, ஓக்லஹோமா எல்லைக்கு அருகில் உள்ள விச்சிட்டா ஃபால்ஸ்தான் இதன் சொந்த ஊர். டாலஸ் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு 140 மைல். காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது அவரோடு தனியாக உட்கார்ந்து பேசும் ஏற்பாடு அல்ல. சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு மேடையில் நிறுத்தி, தேர்ந்த கோச்களின் கையில் கொடுப்பார்கள். உங்கள் செட் (தொடர்ச்சியாகச் சில முறை தூக்கும் ஒரு சுற்று) நடக்கும்போது கோச்சின் கண்கள் உங்கள் மேல் மட்டும் இருக்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் இங்கே ‘தனியாக’க் கிடைப்பது. கட்டும் பணத்துக்கான மதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதற்குத் தயாராகப் போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் அரிது. கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்ப நினைப்பவருக்கு மூன்று நாள் நீண்டதாகத் தெரியும்.

ரிப்பிட்டோ 1956இல் பிறந்தவர். 1979 முதல் 1988 வரை பவர்லிஃப்டிங் போட்டிகளில் தூக்கியவர். பில் ஸ்டார் என்ற பழைய தலைமுறைக் கோச்சிடம் நேரில் கற்றவர். 1984 முதல் ‘விச்சிட்டா ஃபால்ஸ் அத்லெட்டிக் கிளப்’பை நடத்துகிறார். படித்தது பெட்ரோலிய நிலவியல். அந்தப் படிப்பின் வாடை விரிவுரையில் நன்றாகவே அடிக்கும்: தசைகளின் பெயரைவிட நெம்புகோல், திருப்புத்திறன், புவியீர்ப்பு பற்றித்தான் அதிகம் பேசுவார். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, செங்குத்துக் கோட்டில் ஏறி இறங்க வேண்டும். மற்ற எல்லாம் அந்த ஒரு விதியிலிருந்து பிறக்கும். பள்ளி இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் விரிவுரை இனிக்கும். பேச்சு டெக்சஸ்காரர் பேச்சு, பூசி மெழுக மாட்டார். தழைந்து பேசியே பழகியவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

சொல்லித்தரப்படும் தூக்குகள் ஐந்து: ஸ்குவாட், பிரஸ் (நின்றபடி பாரைத் தலைக்கு மேல் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரை இழுத்து நிமிர்வது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து பாரைத் தள்ளுவது), பவர் கிளீன் (தரையிலிருந்து பாரை வேகமாக இழுத்துத் தோளில் ஏந்துவது).

ஸ்குவாட்டில்தான் பலருக்கும் முதல் அதிர்ச்சி. பாரைக் கழுத்தடியில் வைத்துப் பழகியிருப்போம். இங்கே அது தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குச் சற்றுக் கீழே, பின்தோள் தசை அமைக்கும் திட்டில் உட்கார வேண்டும். கட்டைவிரல் பாருக்கு மேலே, மணிக்கட்டு நேராக. குதிகால்கள் தோள் அகலம், கால்விரல்கள் சுமார் 30 பாகை வெளிப்பக்கம். பார்வை நான்கைந்து அடி முன்னால் தரையில். இடுப்பு மடிப்பு முழங்கால் சில்லின் மேற்புறத்தைவிடக் கீழே போனால்தான் அது ஒரு ரெப், அதாவது கணக்கில் சேரும் ஒரு முறை.

இதெல்லாம் எழுத்தில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியதே. எழுத்தில் வராத ஒன்று உண்டு. நீங்கள் அடியில் உட்கார்ந்திருக்கும்போது கோச் உங்கள் இடுப்புக்குப் பின்னால், முதுகுத்தண்டு முடியும் எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகக் கீழே அழுத்துவார். ‘என் கையை மேலே தள்ளு’ என்பார். நெஞ்சைத் தூக்கு, குதிகாலை அழுத்து என்று பத்து வீடியோவில் கேட்டும் பிடிபடாதது அந்த அழுத்தத்தில் பிடிபட்டுவிடும். இடுப்பு நேரே மேலே கிளம்பும். முதுகின் சாய்வு மாறாது. உடனே வெறும் பாரோடு இன்னொரு செட் செய்து அந்த உணர்வை உடம்பில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். ‘புரிந்தது’ என்று தலையாட்டிவிட்டு எடையைக் கூட்டினால் மூன்றாவது ரெப்பிலேயே பழைய பழக்கம் திரும்பும்.

முழங்கால் அடியில் போனதும் முன்னே சறுக்குவது இன்னொரு பொதுவான குறை. சறுக்கினால் பின்தொடைத் தசை தளர்ந்து, எழும்பும் வேலை முழுவதும் முன்தொடைக்கும் முழங்காலுக்கும் போய்விடும். இதற்கு வைத்தியம் ஒரு மரக்கட்டை. முழங்கால் எட்ட வேண்டிய இடத்தில், கால்விரல்களுக்கு முன்னால் அதைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். இறங்கும் தூரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முழங்கால் கட்டையை மெல்லத் தொட வேண்டும். பிறகு அங்கேயே நிற்க வேண்டும். கட்டை சாய்ந்தால் முழங்கால் நகர்ந்துவிட்டது என்று பொருள். வீட்டிலும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை.

எங்கள் கணிப்பில், இந்தப் பட்டறையின் மிகச் சிறந்த பகுதி டெட்லிஃப்ட். ஐந்தே படி. முதல் படி, குதிகால்களுக்கு இடையே 8 முதல் 12 அங்குலம் விட்டு, கணைக்காலுக்கும் பாருக்கும் ஓர் அங்குல இடைவெளியில் நிற்பது. இரண்டாவது, இடுப்பைத் தாழ்த்தாமல் குனிந்து பாரைப் பிடிப்பது. மூன்றாவது, கணைக்கால் பாரைத் தொடும்வரை முழங்காலை மட்டும் முன்னே கொண்டுவருவது. நான்காவது, நெஞ்சை நிமிர்த்தி முதுகை இறுக்குவது. ஐந்தாவது, பாரைக் காலோடு உரசியபடியே மேலே இழுப்பது.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘நடுப்பாதம்’ எது என்பது. மேலிருந்து குனிந்து பார்க்கும்போது கணைக்காலுக்கு முன்னால் இருக்கும் ஷூ மட்டும்தான் தெரியும். அதில் பாதியைக் கணக்கிட்டு நிற்பவருக்குப் பார் விரல்களின் பக்கம் போய்விடும். கண்ணில் படாத குதிகாலையும் சேர்த்து அளந்தால்தான் நடு எது என்று தெரியும். அந்த ஓர் அங்குலக் கணக்கு இதற்காகத்தான். இரண்டு, மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே இடுப்பைத் தாழ்த்துவது. ஸ்குவாட் மாதிரி உட்கார்ந்தால் வலிமையாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் இடுப்பு இறங்கினால் முழங்கால் முன்னே போகும், கணைக்கால் பாரைத் தள்ளும், பார் நடுப்பாதத்தை விட்டு உருளும். கனமான எடை அந்த இடத்திலிருந்து தரையை விட்டுக் கிளம்பாது. முதலில் இடுப்பு எழும், பார் பின்னே வரும், அதன் பிறகுதான் தூக்கவே முடியும். ஆக, தாழ்த்தியதால் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. கோச் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இது ஒரே ரெப்பில் தெரிந்துவிடும். முன்னால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தூக்குபவருக்கு வருடக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

பிரஸ்ஸும் பெஞ்ச்சும் அவ்வளவு சிக்கல் இல்லை. பிரஸ்ஸில் பிடி தோளுக்குச் சற்றே வெளியே, முன்கை செங்குத்தாக. பார் முகத்தை ஒட்டி ஏற வேண்டும். உச்சியில் தோள்களைக் காதை நோக்கித் தூக்க வேண்டும். பெஞ்ச்சில் கண்ணைக் கூரையில் ஒரு புள்ளியில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் பாரை அந்தப் புள்ளிக்கே திருப்ப வேண்டும். நகரும் பாரைக் கண்ணால் துரத்தினால் ஒவ்வொரு ரெப்பும் ஒவ்வொரு பாதையில் போகும். பவர் கிளீனைப் பொறுத்தவரை, நாற்பதைத் தாண்டி, முழங்கையோ தோளோ ஏற்கெனவே வலிக்கிறவர்கள் அதை முயன்று பிடிக்க வேண்டிய அவசியமில்லை என்பது எங்கள் எண்ணம். மற்ற நான்கையும் சரியாகக் கற்றாலே பயணச் செலவு நியாயமாகிவிடும்.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை. அடி இறுகிய லிஃப்டிங் ஷூ கட்டாயம், குதிகால் உயரம் அரை முதல் முக்கால் அங்குலம். ஓடுவதற்கான மெத்து ஷூ வேண்டாம். அடி அமுங்கினால் சமநிலையும் போகும், தரையைத் தள்ளும் விசையில் ஒரு பங்கும் வீணாகும். பருத்தி டி-ஷர்ட் போடுங்கள், வழுக்கும் துணியில் பார் முதுகில் நிற்காது. டெட்லிஃப்ட்டுக்கு முழு நீள பேன்ட் இருந்தால் கணைக்கால் உரசிப் புண்ணாகாது. எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் வைத்திருந்தால் கொண்டுபோங்கள். இல்லாதவர்கள் இதற்காக அவசரமாக வாங்க வேண்டாம். பட்டறைக்கு முந்தைய மூன்று நாள் கால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். தொடை வலியோடு போனால் ஸ்குவாட்டின் அடிக்கே இறங்க முடியாது. இறங்காதவருக்குக் கோச் எதைத் திருத்துவார்?

அங்கே போய் அதிகபட்ச எடையைத் தூக்கிக் காட்ட நினைப்பதுதான் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. உச்ச எடையில் யாராலும் புதிதாக எதையும் கற்க முடியாது. உடம்பு தெரிந்த வழியைத்தான் பிடித்துக்கொள்ளும். ஐந்து ரெப்பும் சுத்தமாக வரக்கூடிய, அதே சமயம் குறையை மறைக்க முடியாத அளவு எடைதான் கோச்சுக்கு வேண்டும். ஒவ்வொரு தூக்குக்கும் கோச் சொன்ன ஒரே ஒரு சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துத் திருத்தங்களைச் சுமந்து வருபவர் வீட்டுக்கு வந்து ஒன்றையும் செய்ய மாட்டார்.

மூன்று நாள் அதிகம் என்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. இதே முறையில் தேறிய கோச்கள் ஒன்றிரண்டு தூக்குகளுக்கு மட்டும் ஒருநாள் முகாம் நடத்துகிறார்கள். தனியாக மணிக்கணக்கில் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் போன்ற ஊர்களில் இந்த முறைக்கென்றே ஜிம்கள் உள்ளன. தன் தூக்கு சரியாக வேண்டும் என்பது மட்டுமே குறிக்கோள் என்றால், தனிக் கோச்சோடு இரண்டு மணி நேரமே நல்ல முதலீடு: முதல் மணி ஸ்குவாட், அடுத்த மணி டெட்லிஃப்ட். மற்றவர்களுக்குச் சொல்லித்தர நினைப்பவர்களும், ‘ஏன் இப்படி’ என்ற கேள்விக்கு முழுப் பதில் வேண்டுபவர்களும் மூன்று நாளைக்கே போக வேண்டும். மற்றவர் தூக்குவதைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கக் கற்பது அங்கேதான். தன் செட் முடிந்ததும் ஃபோனைக் கையில் எடுப்பவர் பாதிப் பாடத்தை விட்டுவிடுகிறார்.

ஒன்றை மட்டும் நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், முழுக் கொழுப்புப் பால் குடிக்கும் பேச்சு அடிபடும். அது எடையே ஏறாத ஒல்லியான இளைஞனுக்குச் சொன்னது. வயிறு முன்னே வந்த, குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ள நாற்பது வயதுக்காரர் அதைத் தொடவே கூடாது. அவருக்கு வேண்டியது புரதம்: முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு.

திரும்பி வந்தபின் தொடக்கநிலைத் திட்டம் எளிது. வாரம் மூன்று நாள். ஸ்குவாட் ஐந்து ரெப் மூன்று செட். பிரஸ்ஸும் பெஞ்ச்சும் நாள்விட்டு நாள் மாறி மாறி, அதே மூன்று செட். டெட்லிஃப்ட் ஐந்து ரெப் ஒரே செட். ஸ்குவாட்டில் ஒவ்வொரு முறையும் 5 பவுண்டு கூட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இதைச் செய்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பல ஜிம்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் (பாரில் மாட்டும் எடைத் தட்டு) 2.5 கிலோ; பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால் 5 கிலோ, அதாவது 11 பவுண்டு. திட்டம் சொல்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பிரஸ் சில வாரங்களிலேயே நின்றுவிடும். பழி திட்டத்தின் மேல் விழும். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடியும், அரை கிலோ ஒரு ஜோடியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் எடை நின்றுவிட்டால் அங்கே கேட்கும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்: செட்டுகளுக்கு இடையே எத்தனை நிமிடம் ஓய்வு, எவ்வளவு எடை கூட்டினீர்கள், எவ்வளவு சாப்பிட்டுத் தூங்கினீர்கள். முதல் கேள்விக்கு ‘இரண்டு நிமிடம்’ என்று பதில் வந்தால் மற்ற இரண்டுக்கும் போக வேண்டியதில்லை. கனமான செட்டுகளுக்கு இடையே ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்காருங்கள். பின்னால் ஒருவர் ரேக்குக்காக (பாரை ஏற்றி வைக்கும் சட்டகம்) காத்திருந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு மாறி மாறித் தூக்குங்கள்.