தனிச் செல் ஆய்வுக்கு எந்த சிப்: சிலிக்கோனா, அக்ரிலிக்கா?

பினாங்கில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தனிச் செல்களைப் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் குழம்புவது இங்கேதான்: மயிரிழை போன்ற கால்வாய்களில் திரவம் ஓடும் நுண்பாய்ம சிப்பை பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் வார்ப்பதா, அக்ரிலிக் தகட்டில் லேசரால் வெட்டுவதா?

செலவு
அக்ரிலிக்: மலிவு. லேசர் இயந்திரம் கிடைத்தால் ஒரே மதியத்தில் வேலை முடியும்.
பிடிஎம்எஸ்: அச்சுக்குத்தான் காசு, அதற்குத் தூசியில்லா அறையும் வேண்டும். அச்சு கைக்கு வந்துவிட்டால் சிப்புகளை வார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நுணுக்கம்
விஷயமே இதில்தான் இருக்கிறது. மனிதச் செல்கள் பலவும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அகலம். சாதாரண லேசர் வெட்டும் கால்வாயோ பெரும்பாலும் 100 மைக்ரோமீட்டருக்கு மேல், சுவரும் சொரசொரப்பு. அதில் ஒரு செல்லைத் தனியே நிறுத்த முடியாது. பிடிஎம்எஸ்ஸோ, அச்சின் சில மைக்ரோமீட்டர் வளைவைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ளும்.

செல்லின் உயிர்
பிடிஎம்எஸ்: ஆக்சிஜன் ஊடுருவும், செல் பிழைக்கும். ஆனால் நீரில் எளிதில் கரையாத சிறு மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் விட்ட மருந்து முழுதும் செல்லுக்குப் போய்ச் சேராது.
அக்ரிலிக்: அவ்வளவாக உறிஞ்சாது. காற்றும் புகாது.

உழைப்பு
அக்ரிலிக் கெட்டிதான், ஆனால் எத்தனாலில் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும். பிடிஎம்எஸ்ஸில் தொல்லை குமிழி: ரப்பர் திரவத்தையும் அதை இறுகவைக்கும் திரவத்தையும் பத்துக்கு ஒன்று கலந்து, வெற்றிடத்தில் குமிழி அடங்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

சரி, எது யாருக்கு? செல்லை ஒவ்வொன்றாகப் பிடிக்க, வளர்க்க பிடிஎம்எஸ். திரவம் கலக்க, மாணவர்களுக்குச் செய்துகாட்ட அக்ரிலிக். மருந்துச் சோதனை என்றால், மருந்தை உள்ளே உறிஞ்சாத கண்ணாடி சிப்புக்கு மேற்பார்வையாளரிடம் இப்போதே பேச்சுக்கொடுங்கள்.